இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

இலக்கியம்பட்டியில், பூச்சிமருந்துக் கடைக்கு மேலே
பெயர்ப்பலகை இல்லாத கம்பெனி.
உள்ளே ஏழு பேர் என்கிறார்கள். நான் போனதில்லை.
படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கும் மீட்டர்
என்னுடையது.

'இறக்கம்' அவர்கள் செய்த ஆட்டம்தான்.
தொப்பூர் கணவாய், நள்ளிரவு,
பிரேக் பிடிக்காத லாரி, முதுகில் முப்பது டன் கல்.
மூன்றாம் வளைவில் ஒரு டீக்கடை வரும்.
பல்பு எரியும், பாய்லரில் ஆவி பறக்கும்,
பெஞ்சில் ஒருவன் நமக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பான்.
நிறுத்த முடியாது.
நானூறு தடவை கடந்திருப்பேன்,
ஒருதரம்கூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்து என்ன செய்கிறார்கள் என்று
அவர்கள் வாய் திறக்கவில்லை.
ஆகவே நாங்கள் திறந்தோம்.

கூரியர் மாதப்பன் ஒரு பெட்டியை மாடியேற்றினான்,
பெங்களூரிலிருந்து வந்தது, நாய்க்குட்டி கனம்,
'உடையும்' என்று நாலு பக்கமும் ஒட்டியிருந்தது.
புழு வளர்க்கும் சென்னம்மா வீட்டுக்கு
மைக்கோடு ஒரு பெண் வந்தாளாம்.
மல்பெரி இலையைப் புழுக்கள் தின்னும் சத்தத்தை
முக்கால் மணி நேரம், மூச்சை அடக்கிப் பதிவுசெய்தாளாம்.
ஓட்டில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும் அது.
'அப்ப மழை ஆட்டம்' என்றான் மாதப்பன்.
'எவன் வாங்குவான் மழைய?'
செராக்ஸ் கடை இம்தியாஸ் கையில் இருந்தது
ஒரு நடுகல் படம். நூறு பிரதி எடுத்தார்களாம்.
வாள் இருந்தது, மாடு இருந்தது,
முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளை.
அதில் நம் முகத்தை ஒட்டுவார்கள் என்றான்.
சென்னம்மாவுக்கு அது பிடிக்கவில்லை,
செத்தவன் கல்லில் போய் யார் முகம் கொடுப்பது?

என் ஆசையை நான் சொல்லவில்லை.
அந்த டீக்கடையில் நிறுத்தவிட்டால் போதும்.

சொன்னதெல்லாம் எண்கள்.
ஆனியில் நானூற்றுப் பத்து யூனிட்.
ஆவணியில் எண்ணூற்று அறுபது.
ஐப்பசியில் ஆயிரத்துத் தொள்ளாயிரம்!
மற்றவர்கள் துப்பு வெறும் பேச்சு,
என்னுடையது மின்வாரியம்.
அன்றைக்கு என் டீக்கு யாரோ காசு கொடுத்திருந்தார்கள்.

மார்கழியில் படியேறினேன்.
வாசலில் ஒரு செருப்பு இல்லை.
பூட்டின்மேல் தூசி.
ஜன்னல்களை உள்ளிருந்து தாள் ஒட்டி மூடியிருந்தது.
மீட்டரைப் பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
பதின்மூன்று.
கருவியில் பதின்மூன்று என்றே அடித்தேன்,
அதனிடம் வேறெதுவும் சொல்ல முடியாது.

கீழே மூன்று பேரும் நின்றிருந்தார்கள்.
'எவ்ளோ?'
'ரெண்டாயிரத்து நூறு.'
மாதப்பன் விசிலடித்தான்.
தையில் வந்துவிடும், எழுதி வைத்துக்கொள் என்றான் இம்தியாஸ்.
புழுச் சத்தத்துக்குக் காசு தருவார்களா
என்று கேட்டாள் சென்னம்மா.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அதகபாடி வரை வண்டியை நிறுத்தவில்லை.
அங்கே ஒரு புளியமரத்தடியில்
பில்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
ஒன்பது வாட் பல்பு ஒன்று,
ராத்திரி பகல் அணைக்காமல்,
அறுபது நாள்.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது ஆறு.

மறந்துபோய் விட்டுப் போயிருக்கலாம்.
பெஞ்சில் இருப்பவனுக்கு
இருட்டாகிவிடக் கூடாதே என்றும் இருக்கலாம்.

மாசியில் போய்ப் பார்க்க வேண்டும்.