பேரீச்சங் கிடங்கில் இரண்டு இரவு

வாசல் தாழ்வு. குனிந்துதான் நுழைய வேண்டும்.
ஜுபைலில் ராட்சதக் குழாய்களுக்கு அடியில்
குனிந்தே பழகியவர், இடிக்காமல் போய்விட்டார்.
எனக்குத்தான் நெற்றியில் பட்டது.

நிஸ்வாவின் பழைய கோட்டைச் சுவருக்குள்
முந்நூறு வருட மண்வீடு, இப்போது விடுதி.
மேசைக்குப் பின்னால் சுலைமா என்ற பெண்
எங்கள் அட்டைகளை அருகருகே வைத்துப் பார்த்தாள்.
ஒன்று ஓமான், ஒன்று சவூதி.
நாடு வேறு, முகவரி வேறு, முதலாளி வேறு.
"கணவன் மனைவி என்பதற்கு ஏதாவது…"
கேட்டுவிட்டு அவளே வெட்கப்பட்டாள்.
என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.
பன்னிரண்டு வருடக் கல்யாணம்
ஒற்றை வரியாய் அங்கே கிடந்தது.
விரல் வைத்து, எழுத்தெழுத்தாய்ப் படித்தாள்:
த-னிஸ்-லாஸ்.
சாவி தந்தாள். கால்கிலோ இரும்பு.

அறை ஒரு காலத்தில் பேரீச்சங் கிடங்காம்.
தரையில் வரிவரியாய் வாய்க்கால்,
மேலே கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள்.
மூட்டைமேல் மூட்டை கூரைவரை அடுக்கிவிட்டால்
யாரும் பிழிய வேண்டாமாம்,
மேல்கனம் தாங்காமல் அடிமூட்டை கசியும்,
பாகு தானாக இறங்கி, மூலை ஜாடிக்குப் போகும்.
பெட்டி தூக்கிவந்த சில்ஹெட் பையன்
மனப்பாடமாய்ச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.
பாகு ஓடிய இடத்தின் மேல் நின்றோம்,
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

வருடத்துக்கொரு முறை சந்திப்பவர்கள்
முதல் கொஞ்ச நேரம் விருந்தாளிகள்.
"சாப்பிட்டீங்களா" என்றேன்.
"இளைச்சிட்ட" என்றார்.
பிறகு விமானம் தாமதமானதைப் பற்றி,
ஜன்னல் ஏன் இவ்வளவு சின்னது என்பதைப் பற்றி.
கிண்ணத்தில் அல்வா வைத்திருந்தார்கள்.
ஆளுக்கொரு கரண்டி, அளவாக.

சுவர் இரண்டு முழம் கனம்.
எட்டுப் பேர் குறட்டையில் தூங்கிப் பழகியவருக்கு
அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. புரண்டார்.
குளியலறையில் குழாய் சொட்டியது.
வார்டு பழக்கம், நான் எண்ணினேன்,
நிமிடத்துக்கு இருபத்திரண்டு.
வாய்விட்டு எண்ணியிருக்கிறேன் போல.
"யாருக்கு டிரிப்ஸ் ஏத்துற?" என்றார் இருட்டில்.
சிரித்தோம். அந்தச் சிரிப்பில்
விருந்தாளிகள் இருவரும் எழுந்து போனார்கள்.

வெள்ளி காலை, மொட்டைமாடி.
ஜெபல் அக்தர் என்றால் பச்சை மலை.
எதிரே நின்றதோ காய்ந்த ரொட்டி நிறம்.
"பேரு வச்ச அன்னிக்கு மழை பெஞ்சிருக்கும்" என்றார்.
கீழே ஆட்டுச் சந்தை.
கயிற்றைப் பிடித்து வட்டமாய் நடத்துகிறார்கள்,
வாங்குபவர் வாயைத் திறந்து பல் பார்க்கிறார்,
விலாவை அழுத்திப் பார்க்கிறார்,
பிடிக்காவிட்டால் கையை வீசி அனுப்புகிறார்.
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"மும்பைல மெடிக்கல் எடுத்தப்ப எங்களையும் இப்படித்தான்.
வட்டமா மட்டும் நடக்கச் சொல்லல."
ஒரு கறுப்பு ஆடு விலை போகாமல்
மூன்று முறை சுற்றி வந்தது.
அதற்கு நாங்கள் பெயர் வைத்தோம். சொல்ல மாட்டேன்.

இரண்டாம் இரவைப் பற்றியும் சொல்ல மாட்டேன்.

விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்தது,
ஷிஃப்ட் இல்லாத நாளிலும் வரும்.
ஏதோ குறைந்தது. காது கொடுத்தேன்.
சொட்டு நின்றிருந்தது.
தரையில் மண்டியிட்டு டெஃப்லான் டேப்பைச்
சுருட்டிக்கொண்டிருந்தார்,
அது எப்போதும் அவர் பையில் இருக்குமாம்.
"லீவுக்கு வந்த இடத்துலயுமா?"
"காசு குடுத்துட்டு, ஒழுகுறத கேட்டுக்கிட்டே கிடக்கச் சொல்றியா."
படுத்ததும் தூங்கிவிட்டார்.
எண்ணுவதற்கு எதுவுமில்லாமல்
நான் அவர் மூச்சை எண்ணினேன். பதினான்கு. நார்மல்.

கிளம்பும்போது சுலைமா ஒரு தாள் நீட்டினாள்.
பிடித்தது என்ன என்ற இடத்தை
வெறுமையாக விட்டார்.
குறைகள் என்ற இடத்தில், பெரிய பெரிய எழுத்தில்:
குழாய் ஒழுகியது. சரிசெய்துவிட்டேன்.

மஸ்கட் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
பெட்டியை எடுத்துக்கொண்டு, திரும்பி
அந்த அறைக் கதவைப் பார்த்தபடி நடந்தவர்,
வாசலில் நன்றாக இடித்துக்கொண்டார்.