எட்டாம் மாடியிலிருந்து மான்டிவிடியோ

எங்கள் க்ல்தானி குடியிருப்பில்
இருபது தெத்ரி போட்டால்தான் லிஃப்ட் ஏறும்.
இந்த மாதம்
காசை விழுங்குகிறது, ஏறுவதில்லை.

நான் எட்டாம் மாடி.
இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.
திபிலீசியின் அத்தனை பனியிலும் விழாதவள்
ஒரு வெள்ளரிக்காயைக் காப்பாற்றப் போய்
மூன்றாம் மாடித் திருப்பத்தில் விழுந்தேன்.
வெள்ளரிக்காய் தரைத்தளம் வரை போனதாம்.

சிரிக்காதீர்கள்,
பதினேழு வருடமாக என் வேலையே
மெட்ரோவில், எஸ்கலேட்டரின் காலடியில்,
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து
யாரும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான்.
"படியில் உட்காராதீர்கள்" என்று மைக்கில் சொல்வேன்.
இறங்கி வருகிறவர்களுக்கு முதலில் ஷூ தெரியும்,
முகம் கடைசியில்.
ஏறிப் போகிறவர்களுக்கு
கடைசியாக மறைவது குதிகால்.
சில பெட்டிகளில் விமானச் சீட்டு தொங்கும்.
ஊர்ப் பெயரைப் படிப்பதற்குள்
மேலே போய்விடும்.

இப்போது நேரம் கிடக்கிறது.
கேஸ் பில்லின் முதுகில் எழுதுகிறேன்,
கட்டுப் பிரித்ததும் போக வேண்டிய ஊர்களை.
ஒரே நிபந்தனை: படிகள் கூடாது.

லிஸ்பன் அப்போதே அடிபட்டுப் போனது,
ஏழு குன்றாம்.
ஹாலந்து? ஊர் சப்பட்டைதான்,
வீட்டுக்குள்ளே படி ஏணி மாதிரி இருக்கும் என்கிறான்
எதிர்வீட்டு ஜுஜுனாவின் மகன், போகாமலே.
மங்கோலியாவில் படியே இல்லை, புல்தான்.
ஆனால் குதிரையில் ஏற
எந்தக் காலை முதலில் தூக்குவார்கள்?
இடது காலையாம்.
அடித்துவிட்டேன்.
மான்டிவிடியோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
அதனால் குறை சொல்லவும் முடியவில்லை.
முதலிடம்.

காலை பத்து மணிக்கு
பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்குவேன்.
கீழே ரொட்டிக்கடை ஒதார்
கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக் கத்துவான்:
"மாக்வாலா, இன்னைக்கு எந்த ஊரு?"
"ஸான்ஸிபார்!"
"அங்க நம்ம ரொட்டி கிடைக்காது, ரெண்டா எடுத்துக்கோ!"
நாலாம் மாடியில் யாரோ சிரிப்பார்கள்.
பை சூடாக ஏறி வரும்.
இந்த வீட்டில் தினமும் வெளியே போய்வருவது
அது ஒன்றுதான்.

இரவு தங்கை கூப்பிடுவாள்,
இத்தாலியில் பாரி என்ற ஊரிலிருந்து.
தொண்ணூற்றொரு வயதுச் சீமாட்டி ஒருத்தியைப்
பார்த்துக்கொள்ளும் வேலை.
"நானுலி, கடல் எப்படி இருக்கு?"
"மூணு தெரு தள்ளி இருக்காம்."

வியாழன் அரைநாள் விடுப்பு உண்டு, மாற்றாள் இல்லை.
மார்ச்சிலிருந்து அவள் பார்த்த இத்தாலி
ஒரு சமையலறை ஜன்னல்,
எதிர் பால்கனியில் யாருடையதோ நீலப் போர்வை.
வெள்ளிக்கிழமைகளில் போர்வை மாறும்.

என் பட்டியலை வாசித்துக் காட்டினேன்.
"உனக்கு எந்த ஊரைச் சேர்க்கட்டும்?"
யோசித்தாள். குழாயை மூடினாள்.
"மணி அடிச்சா நான் எழுந்திருக்க வேண்டாத
எந்த ஊரும்."

எழுதிக்கொண்டேன்.
படி இல்லை, மணி இல்லை.
பிறகு பேரம் ஆரம்பித்தது.
எனக்கு ராத்திரி பஸ் வேண்டும்,
அவளுக்கு எலுமிச்சை மரம்.
எனக்கு மலிவாக இருக்க வேண்டும்,
அவளுக்கு, படுக்கையை
வேறு யாராவது விரித்துத் தர வேண்டும்.
கேஸ் பில்லில் இடம் தீர்ந்து
தண்ணீர் பில்லுக்குப் போனோம்.

அங்கே மணி அடித்தது.
"இரு" என்றாள்.
போனை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

செருப்புச் சத்தம். கதவு.
கிழவியின் குரல் ஏதோ கேட்கிறது.
எனக்குப் புரியாத மொழியில், என்னிடம் காட்டாத பொறுமையில்
என் தங்கை பதில் சொல்கிறாள்.
தம்ளரில் தண்ணீர் விழுகிறது.
ஒரு ஜன்னல் திறக்கிறது.
தூரத்தில் ஸ்கூட்டர்,
அது போன பிறகும் ஓர் இரைச்சல்.
கடலாக இருக்கலாம்,
ஃப்ரிட்ஜாகவும் இருக்கலாம்.

அசையாமல் படுத்திருந்தேன்.
போனில் சார்ஜ் தீரும் வரை,
நாற்பது நிமிடம்,
பாரியில் இருந்தேன்.