அட்டை செருகப்படவில்லை

உலான்பாத்தரில் கார் சந்தைக்குக் கூரை கிடையாது.
கண்ணாடியில் சோப்புக்கட்டியால் விலை எழுதுவார்கள்.
அந்தக் குளிர்காலம்
எழுதிய கையே அழித்துக்கொண்டும் இருந்தது.

தரகன் ஷிஜீர்,
முகத்தில் பாதி மஃப்ளர், மீதி கணக்கு,
சொன்னான்:
"ஜப்பானில் புதுக் கார் வரவில்லை அக்கா.
ஏதோ சில்லாம், நகத்தளவு.
அது வராததால் அங்கே ஒருவன்
தன் பழசை விற்கவில்லை.
அவன் விற்காததால்
நீ இங்கே நடந்து போகிறாய்."

நடந்துதான் போனேன்.
அனல்மின் நிலையத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
ஊருக்கு விளக்கும் வெந்நீரும்
எங்கள் கொதிகலனிலிருந்து.
நாலரைக்கு வெளியே வந்தால்
பஸ் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.
இமைமுடியில் மூச்சு உறையும்.

மார்ச்சில் ஒரு கோடியே நாற்பது லட்சம் துக்ரிக் என்றான்.
சேர்த்துக்கொண்டு போனபோது ஒன்று எழுபது.
பிறகு விலையே சொல்லவில்லை,
துறைமுகத்தின் பெயரைச் சொன்னான்,
எல்லையில் நிற்கும் லாரிகளைச் சொன்னான்.
ஓடிப் பிடிக்கிற விளையாட்டில்
எப்போதும் நான்தான் துரத்துகிறவள்.

இதற்கிடையில் எதிர்வீட்டுப் பூரெவ்ஜாவ்
முழு மின்சாரக் காரே வாங்கிவிட்டார்.
பேட்டரியில் பன்னிரண்டு கோட்டுக்கு ஏழு மிச்சம்.
மைனஸ் முப்பதில் அந்த ஏழும்
கூச்சப்பட்டு மூன்றாகும்.
நாலாம் மாடி ஜன்னலிலிருந்து வயர் இறக்கி
ராத்திரி முழுக்க அதற்குப் பால் புகட்டுவார்.
"பார், புகையே இல்லை!" என்றார்.
புகை என்னிடம் இருந்தது,
வேலை உடுப்பில்.

கடைசியில் வந்தது ஒரு ஹைப்ரிட்.
பதினாறு வயது. என் மகனைவிட ஏழு வயது மூத்தது.
ஸ்டியரிங் வலப்பக்கம், நாங்கள் ஓடுவதும் வலப்பக்கம்.
முந்திச் செல்ல வேண்டுமென்றால்
பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும்.
மீட்டர் காட்டிய தூரத்தை நான் நம்பவில்லை,
ஷிஜீரும் நம்பச் சொல்லவில்லை.
சீட்டுக்கு அடியில் ஒரு ஹேர்கிளிப்,
முனையில் பிளாஸ்டிக் ஸ்ட்ராபெர்ரி.
யாரோ ஒரு சிறுமி, நீகாட்டாவில்,
அழுதிருப்பாள் அதற்காக.
தூக்கிப் போடவில்லை. அங்கேயே வைத்தேன்.

பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல்.
ஜப்பானிய மொழி. அவ்வளவு பணிவு,
டாஷ்போர்டே குனிந்து கும்பிடுவது போல.
"என்னம்மா சொல்கிறாள்?" என்றான் எர்ஹெஸ்.
பிறகு அவனே முடிவு செய்தான்:
"சூடாக இரு, பத்திரமாகப் போ."
குளிர்காலம் முழுக்க அவளுக்கு
"சரி" என்று பதில் சொன்னான்.
யாரும் பார்க்காதபோது
நானும்.

இந்த ஊரில் கை நீட்டினால் எந்தக் காரும் டாக்ஸி.
ஒரு விடியலில் ஏறிய பெண்
சப்போரோவில் மீன் ஆலையில் ஐந்து வருடம் இருந்தவளாம்.
குரலைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.
"அட்டை செருகப்படவில்லை என்கிறாள்.
அங்கே சுங்கச்சாவடிக்கு ஒரு அட்டை உண்டு."
"தினமும் அதேதானா?"
"தினமும் அதேதான்."
அவள் இறங்கும் வரை
இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
காசு வாங்க மறந்துபோனேன்.

எர்ஹெஸிடம் சொல்லவில்லை.
இல்லாத சாவடிகளுக்கு, இல்லாத அட்டையை
ஒவ்வொரு காலையும் கேட்கிறாள்.
எனக்கும் அப்படிச் சில கேள்விகள் உண்டு.

இந்தக் கார் புறப்படுவது யாருக்கும் கேட்காது.
பழைய எஞ்சின்கள் இருமி, கனைத்து,
தெருவையே எழுப்பிவிட்டுத்தான் நகரும்.
இது சும்மா நகர்ந்துவிடும்.
அடியில், நேற்றைய சூட்டைத் தேடி வந்த
ஒற்றைக்காது நாய் படுத்திருக்கும்.
அதனால் ஏறுமுன்
பானட்டில் இரண்டு முறை தட்டுகிறேன்.
கொஞ்சம் காத்திருக்கிறேன்.
வருகிறது, சோம்பல் முறித்துக்கொண்டு,
என்னை முறைத்துவிட்டு.