வியாழக்கிழமைப் பூட்டுக்காரன்

இந்த ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆற்றைத் தரைக்கு அடியில் புதைத்துவிட்டு
மேலே நூற்பாலை கட்டினார்கள்.
ஆலையும் மூடிப் பல காலம்.
வூச் நகரத்தில் மிச்சம் இருப்பவை
செங்கல், டிராம் வண்டி, கதவுகள்.

கதவுகளைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.
பதினோரு ஆண்டு அவற்றோடு பேசிப் பிழைத்தேன்,
நள்ளிரவில், தாழ்ந்த குரலில்,
இரண்டு மெல்லிய கம்பிகளை வைத்துக்கொண்டு.
பிறகு ஆறு ஆண்டு
ஓர் இரும்புக் கதவு என்னோடு பேசவே இல்லை.

இப்போது வியாழக்கிழமைகளில்,
கோவில் நிலவறையில் சூப் கொதிக்கும் நேரம்,
பங்குத்தந்தை இக்னாட்ஸி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டுவார்.
பிரசங்கம் கிடையாது. முகவரி மட்டும்.
தாழ்ப்பாள் துருப்பிடித்த கிழவர்.
இரவுப்பணி முடிந்து சாவியைத் தொலைத்த செவிலி.
கணவன் உதைத்துப் பிளந்த கதவுக்கு
நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தூங்கும் பெண்.
காசு வாங்குவதில்லை.
தேநீர் கொடுத்தால் வாங்குவேன்.

திருந்திவிட்டான் என்கிறார்கள்.
திருந்துவது ஒருமுறை நடந்து முடிகிற காரியமா?
டிராமில் உட்கார்ந்தால் என் கண் இன்றும்
வெளிச்சம் இல்லாத ஜன்னல்களை எண்ணுகிறது.
எண்ணட்டும் என்று விட்டு
ஏழாவதில் நிறுத்தி ஒரு செபம் சொல்வேன்,
அந்த வீட்டுக்காரர் பத்திரமாகத் திரும்பட்டும் என்று.
சில நாள் எண்ணிக்கை
ஏழைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஜனவரியில் ஒரு வியாழன்.
"திருமதி லியோகாதியா. நான்காம் மாடி. பூட்டு சிக்குகிறது."
படியேறும்போதே கால்களுக்குத் தெரிந்துவிட்டது.
பூட்டுக்குள் கம்பியை விட்டேன்,
மூன்றாவது முள் இடறியது.
அன்றும் அங்கேதான் இடறியது.

ஓர் அம்பர் மாலை, வெள்ளிக் கரண்டி ஆறு,
ஓடாத கைக்கடிகாரம் ஒன்று.
கடிகாரத்துக்கு அடகுக்காரன் எதுவும் தரவில்லை.
தெருமுனைக் குப்பையில் எறிந்தேன்.

புதுப் பூட்டு போட்டேன். கூடவே ஒரு சங்கிலி, என் செலவில்.
கடைசித் திருகை இறுக்கிவிட்டு
நிமிராமல் சொன்னேன்:
"பதினான்கு ஆண்டுக்கு முன்னால் இதைத் திறந்தவன் நான்."

அடுப்பில் கெட்டில் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.
யாரும் போய் அணைக்கவில்லை.
"கடிகாரம் அவருடையது" என்றார் கடைசியில்.
"ஓடாது. ஆனாலும் தினமும் காதில் வைத்துப் பார்ப்பேன்."
பிறகு, "போய்விடு."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அதைக் கேட்பது
அந்த வீட்டிலிருந்து இன்னொரு பொருளை
எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது.

சம்பளத்தில் கொஞ்சம் உறையில் போட்டு அனுப்பினேன்.
திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், வந்தது.
மூன்றாவது வரவில்லை.
அதற்கு என்ன பொருள் என்று இக்னாட்ஸியைக் கேட்டால்
வெங்காயத்தை நறுக்கு என்கிறார்.

இன்று காகிதத்தில் அதே முகவரி.
கூடத்து விளக்கு எரியவில்லையாம்.
கீழே, நடுங்கும் எழுத்தில்:
"பூட்டுக்காரனையே அனுப்பவும்."

தட்டினேன்.
கதவு ஒரு சாண் திறந்து நின்றது,
நான் மாட்டிய சங்கிலியின் நீளம்.
அந்த இடைவெளியில் ஒரு கண்,
நரைத்த புருவம், இருட்டு.
"ஏணி இதில் நுழையாதே, அம்மா" என்றேன்.
சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை.
கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

படிக்கட்டு விளக்கு தன் நேரம் முடிந்து அணைந்தது.
தோளில் ஏணி, பையில் பல்பு.
விரல்கள் இரண்டையும் மடக்கி வைத்திருக்கிறேன்.
ஒரு கதவின் வெளியே நின்று
உள்ளிருந்து திறக்கட்டும் என்று
நான் காத்திருப்பது இதுதான் முதல்முறை.