தரைத்தளம்

இந்த ஊர்ப் பாறையில் யாரும் இல்லை.
லால்பாக் குன்றில் ஞாயிறுதோறும்
குப்புறப் படுத்துத் தேடியிருக்கிறேன்.
வேர்க்கடலைத் தோலும்
எவரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்தும் தவிர
ஒன்றும் கிடைத்ததில்லை.
ஓடும் எலும்பும் உலகுக்கு வருமுன்பே
இறுகிப்போன கல் என்று
பிறகுதான் படித்தேன்.
காலி வீட்டின் அழைப்புமணியை
நான்கு வருடம் அமுக்கியிருக்கிறேன்.

ஆகவே என் வேட்டையெல்லாம்
விலைக்கு வந்த கல்லில்.
லிஃப்ட் மெக்கானிக்குக்கு
பெங்களூரில் திறக்காத கூடம் இல்லை.
சட்டைப்பையில் டெஸ்டர், பூதக்கண்ணாடி,
படத்தில் அளவு காட்ட ஒற்றை ரூபாய்.

எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு வங்கிச் சுவரில்
பெரணி இலை கண்டு
அன்றிரவு தூங்கவில்லை.
தார்வாடிலிருந்து, நான் முகம் பார்த்திராத
பரிமளா குல்கர்ணி
இரண்டே சொல்லில் பதில் அனுப்பினார்:
மாங்கனீசுக் கறை.
செடி இல்லை.
கல்லின் விரிசலில் தண்ணீர் வரைந்த செடி.
ஹெப்பாலில் எடுத்த முட்டை, சிமென்ட் உருண்டை.
யஷ்வந்தபுரத்துப் பல், பல்தான்.
எருமையுடையது. போன வருடத்தது.

பெல்லந்தூர், பி பிளாக்.
இரண்டாவது லிஃப்ட்
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நின்றுவிடுகிறது.
காலை ஆறு மணி.
யெல்லவ்வா தரை துடைத்துக்கொண்டிருந்தார்.
ஈரம் பட்டால் கல் கண் திறக்கும்:
சிவப்புப் பளிங்கில்,
செருப்பு ஸ்டாண்டுக்கும்
நாய் அசுத்தம் செய்தால் ஐந்நூறு ரூபாய் என்ற பலகைக்கும் நடுவே
உள்ளங்கை அகலத்தில் ஒரு சுருள்.

"சக்குலி" என்றார் அவர்.
"எட்டு வருஷமா தேய்க்கிறேன், போகல."

எனக்கும் முதலில் முறுக்குதான்.
கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள்.
எனக்கு நாய் வந்து
கல் போய்விட்டிருந்தது.
ஆனாலும் மூன்று முறை ஏமாந்தவன்;
மண்டியிட்டு எண்ணினேன்.
நத்தைக்கு உள்ளே தடுப்புச் சுவர் கிடையாது.
இதற்கு இருந்தது.
பதினேழு அறை. அதற்கப்புறம் தூண்.

மதியம் தார்வாடிலிருந்து பதில்.
இம்முறை நீளமாக எழுதியிருந்தார்.
அம்மோனைட்.
வளர வளரப் புது அறை கட்டி
அதற்குக் குடிபோகும்.
பழைய அறைகளில் காற்றை விட்டுவைக்கும்.
எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு
ஒரே ஒரு குழாய் ஓடும்.
அது நீரை உறிஞ்சி வெளியேற்றும்,
அதனால் மூழ்காது.

லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு இதைப் படித்தேன்.
தலைக்கு மேலே பதினான்கு மாடி உயரத்துக்கு இருட்டு.
ஒரே துளை.
எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது.
கழுத்தில் ஒரு சொட்டு கிரீஸ் விழுந்தது,
துடைக்கவில்லை.

எரிந்த கார்டை மாற்றினேன். ஓடியது.
சங்கச் செயலாளர் ஹண்டா கையெழுத்திடும்போது சொன்னார்,
இந்தக் கல் வழுக்குகிறதாம்,
அடுத்த மாதம் டைல்ஸ் போடுகிறார்களாம்.
அந்த ஒரு துண்டு கிடைக்குமா என்றேன்.
எதற்கு?
பதினேழு கோடி என்றா, பதினெட்டு கோடி வருடம் என்றா,
எந்தக் கணக்கைச் சொல்வது அந்த முகத்திடம்.
"முறுக்கு மாதிரி இருக்கு சார்" என்றேன்.
பெயர்த்தால் உடைந்துவிடும் என்றார்,
இரக்கத்தோடு.

மறுநாள் புகார் எதுவும் இல்லாமலே போனேன்.
நேரமாகிவிட்டது, துடைத்தாயிற்று.
ஃபேன் காற்றில் தரை காய்ந்துகொண்டிருந்தது.
விளிம்பிலிருந்து உள்நோக்கி
அறை அறையாக விளக்கணைந்து வந்தது சுருளில்.
லிஃப்ட் கதவு திறந்து
பள்ளிச் சீருடை இரண்டு
அதை மிதித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடின.

"அக்கா, இந்த இடத்துல மட்டும்
இன்னொரு தடவை."

யெல்லவ்வா என்னைப் பார்த்தார்.
வாளியைப் பார்த்தார்.
பிழியாமலே துணியை எடுத்துப் போட்டார்.