இரண்டு அளவுகளுக்கு நடுவே

வால்டிவியாவில் ஜூன் முழுக்க மழை.
மீன் சந்தைப் படித்துறையில் கடற்சிங்கங்கள்
ஏப்பம் விடும் ஓசை
என் ஜன்னல்வரை வரும்.
நான் பதினோரு வருடத்துக் காய்ச்சல்களைக்
கழுவிக்கொண்டிருந்தேன்.

பெயர்களை நறுக்கி எடுத்த பிறகுதான்
மருத்துவமனை என்னிடம் கொடுத்தது:
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர்,
ஆளுக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு வரிசை,
வெப்பம், நாடி, மூச்சு, வெள்ளணு.
முப்பத்தாறு புள்ளி எட்டை
முந்நூற்று அறுபத்தெட்டு என்று
தூக்கக் கலக்கத்தில் தட்டியிருந்தவர்களை
மன்னித்து மன்னித்துப் புள்ளி வைத்தேன்.

ரத்தம் நஞ்சாவதை
விடியுமுன் சொல்ல வேண்டும்,
அதுதான் நிரலுக்கு நான் வைத்த வேலை.
சொன்னது.
நம்பும்படியாகவே சொன்னது.
எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்று துருவினால்
காய்ச்சலைக் காட்டவில்லை, வெள்ளணுவைக் காட்டவில்லை,
நான் ஒரு பொருட்டாகவே எண்ணாத
பத்தி ஒன்றைக் காட்டியது:
ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும்
நடுவே கழிந்த நிமிடங்கள்.

நான்கு மணிக்கொரு தரம் என்பது விதி.
20117ஆம் எண்ணுக்கு
இரவு இரண்டு பத்துக்கு 36.8.
இரண்டரைக்கு 36.8.
இரண்டு ஐம்பதுக்கு 36.9.
காலை ஏழுக்குத் தீவிர சிகிச்சை.
எண்களின் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.
யாரோ மூன்று முறை எழுந்து நடந்திருக்கிறார்கள்.

மூன்றாம் மாடி. எடுவினா கத்ரிலேயோ,
இருபத்தாறு வருட இரவுப் பணி,
ரொட்டிக்குள் சீஸைத் திணித்தபடி
தேதியைக் கேட்டார், கட்டிலைக் கேட்டார்.
"பதினாலா? அந்த மனுஷன்
தினமும் சூப்பைத் திட்டுவார்,
உப்பில்லை, உயிரில்லை, ஆத்துத் தண்ணின்னு.
அன்னைக்குத் திட்டாமக் குடிச்சார்."
அவ்வளவுதான் காரணம்.
"பேர் இருக்கா உன்கிட்ட?"
இல்லை, எடுத்துவிட்டார்கள் என்றேன்.
"என்கிட்ட இருக்கு."
சொல்லவில்லை. நானும் கேட்கக் கூடாது.
அவர் மென்று முடிக்கும்வரை
இருவரும் மழையைப் பார்த்தோம்.

ஆகஸ்டில் மணிக்கட்டுப் பட்டைகள் வந்தன.
கால் மணிக்கொரு தரம், தவறாமல்,
நோயாளி தூங்கினாலும் சூப்பைத் திட்டினாலும்.
அழகான தரவு. ஓர் ஓட்டை இல்லை.
என் நிரலுக்குக் கண் அவிந்துபோனது.
பதினைந்து, பதினைந்து, பதினைந்து.

குழுக் கூட்டத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கேட்டேன்.
செவிலியர் அழுத்த ஒரு பொத்தான்,
பெயர்: கவலை.
புள்ளியியலாளர் ஒயார்சுன் நல்லவர்,
கண்ணாடியைத் துடைத்தபடி
"அலகு என்ன?" என்றார்.
டிகிரி, நிமிடத்துக்கு, மில்லிலிட்டருக்கு,
ஒன்றும் பொருந்தவில்லை.
"ஆம், இல்லை" என்றேன்.
"அவ்வளவு நேரான கவலை எங்கே இருக்கிறது?"
என்றவர், கையெழுத்தும் போட்டார்.

செப்டம்பர் நாலு, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
பட்டை சொல்கிறது, எல்லாம் சரி.
கவலை: ஆம்.
காரணத்துக்கான கட்டத்தில், எழுத்துப் பிழையோடு,
"போர்வையை மடித்து வைத்துவிட்டாள்."
அதற்குப் பக்கத்துக் கட்டங்கள் இன்னும் காலி.

கடற்சிங்கங்கள் தூங்கிவிட்டன.
நான் திரையைப் புதுப்பிக்கிறேன்.
மூன்று பதினெட்டு.
மூன்று இருபது.
மூன்று இருபத்தொன்று.