எகரத்தின் தலையில்

கொம்பனித்தெரு, நாலாம் மாடி.
ஏசி வேலை செய்யாத நாள்.
நிஷங்க திரையை என் பக்கம் திருப்புகிறான்:
"அக்கா, இது வேணுமா, வேண்டாமா?"

முப்பத்தேழாம் ஓலை, இடது ஓரம்.
ஓலை இல்லை, ஓலையின் ஃபிலிம்.
கறுப்பு வெள்ளை, விளிம்பில் பூஞ்சணம்.
படிவத்தில் 'மூலத்தின் இன்றைய நிலை' என்றொரு கட்டம்.
அதை எங்களில் யாரும் நிரப்பவில்லை.

காலையிலிருந்து அவன்
நிழலை இழுத்து, வெளிச்சத்தைத் தள்ளி,
ஓலையின் நரம்பை எழுத்திலிருந்து பிரித்து,
சேற்றில் விரால் தலை தூக்குவதுபோல்
ஒரு வரியை மேலே கொண்டுவந்திருக்கிறான்.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவனுக்கு.
அதனால்தான் நன்றாகச் செய்கிறான்.
எனக்கென்றால் கண்ணுக்கு முந்தி
ஆசை வாசித்துவிடும்.

எ ரி சூ ழ ஊ ர

ழகரத்துக்குப் புள்ளி இல்லை, ரகரத்துக்கும் இல்லை.
எகரத்தின் தலையில் மட்டும் ஒன்று.
புள்ளிதான் என்றால் குறில்: எரி சூழ் ஊர்.
பூச்சி அரித்தது என்றால் நெடில்: ஏரி சூழ் ஊர்.
யாப்பைக் கேட்கலாமென்றால்
அடியின் மறுபாதி முறிந்துபோயிருக்கிறது.
கட்டு முழுக்க ஓரிடத்திலும்
புள்ளி வைத்தறியாத கை
இங்கே மட்டும் எதற்குத் திடுக்கிட்டது?

இரைச்சல் நீக்கியை ஓட்டிக் காட்டுகிறான் நிஷங்க.
ஒரு சொடுக்கு, ஊரைச் சுற்றித் தண்ணீர்.
மறு சொடுக்கு, நெருப்பு.
தண்ணீர். நெருப்பு.
அவனுக்கு அது தூசி.
என்ன எழுதியிருக்கிறதென்று சிங்களத்தில் சொன்னேன்.
மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

கீழே பேரை வாவி, பாசிப் பச்சை.
ஆளில்லாத அன்னப் படகு
கயிற்றின் நீளத்துக்கு அலைகிறது.
விளக்குக் கம்பத்தில் கூழைக்கடா.
இந்த ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டு
ஏரி என்று எழுதிவிடுவது சுலபம்.

விசைப்பலகையில் எ இருக்கிறது, ஏ இருக்கிறது.
நடுவே ஒன்றும் இல்லை.
கோப்புக்குப் பெயர் கேட்கிறது பெட்டி.
'37 இடது' என்று கொடுக்கிறேன்.
குறிப்பில்: அகலம் ஒன்பது பிக்சல்,
விளிம்பு ஒழுங்கற்றது.
அதற்குமேல் எழுத வந்ததை அழித்தேன்.

நிஷங்க பிளேன்டீ வாங்கப் போயிருக்கிறான்.
வரும்வரை
பெரிதாக்கிக்கொண்டே போகிறேன்.
எழுத்துப் போய், ஓலை போய்,
சாம்பல் நிறச் சதுரங்கள்.
அவற்றில் சில
மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பு.